ஜி சாம் சூ: கிராம்பு மணக்கும் ஒரு சிகரெட்டின் கதை

கேள்வி இதுதான்: இந்தோனேசியாவில் 'ஜி சாம் சூ' என்ற சிகரெட்டைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் குரலே மாறுகிறது. ஃபில்டர்கூட இல்லாத, கையால் சுருட்டிய ஒரு பழைய சிகரெட்டை ஏன் குடும்பச் சொத்து போலக் கொண்டாடுகிறார்கள்? அதன் வரலாறு என்ன?

ஜாவாத் தீவின் துறைமுக நகரமான சுராபாயாவில் வேலை நிமித்தமாகத் தங்கியிருந்த காலத்தில் எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. தேடிப் படிக்கப் படிக்க, ஒரு கம்பெனியின் கதை என்று நினைத்தது கிராம்பின் கதையாக விரிந்தது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குகிறேன். ஜி சாம் சூ சுராபாயாவில் 1913இல் பிறந்தது. ஆனால் அதற்குள் எரிகிற பொருளுக்காக அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே ரத்தம் சிந்தியிருக்கிறது.

கிராம்பு மரம் ஆதியில் வளர்ந்தது இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள மலுக்கு தீவுக்கூட்டத்தில் மட்டும்தான். தெர்னாத்தே, திதோரே போன்ற சின்னச் சின்ன எரிமலைத் தீவுகள் அவை. அங்கிருந்துதான் சீனாவுக்கும், நம் கரைகளுக்கும், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்கும் கிராம்பு போனது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த வாணிபத்தை முழுசாகத் தன் பிடிக்குள் கொண்டுவர நினைத்தது. அம்போன் பகுதியில் மட்டும் கிராம்பை வளர்க்கவிட்டு, மற்ற தீவுகளின் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஊர் ஊராகப் படகுப் படை அனுப்பி, ஒளித்து வளர்த்த மரங்களைத் தேடி அழித்தார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரங்களைக் கண்ணெதிரே இழந்தவர்கள் கலகம் செய்தார்கள். கலகம் செய்தவர்களையும் அழித்தார்கள்.

இவ்வளவு செய்தும் ரகசியம் தங்கவில்லை. 1770 வாக்கில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஏற்பாட்டில் கிராம்பு நாற்றுகள் மலுக்குவிலிருந்து கடத்தப்பட்டு மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து சான்சிபாருக்கும் பரவின. ஓமான் சுல்தானின் ஆட்சியில், அடிமைகளின் உழைப்பில், சான்சிபார் கிராம்புத் தீவாகவே ஆகிவிட்டது. பின்னால் நடந்ததைக் கேளுங்கள்: ஜாவாவில் கிராம்புச் சிகரெட் பெரிய தொழிலாக வளர்ந்தபோது, சொந்தத் தீவுகளின் விளைச்சல் போதாமல், கிராம்பைச் சான்சிபாரிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கப்பலில் வரவழைக்க வேண்டியிருந்தது. தன் மண்ணில் பிறந்த மரத்தின் மொட்டை, கடல்கடந்து காசு கொடுத்து வாங்கிய நாடு இந்தோனேசியா. 1980களின் நடுப்பகுதியில், சுலாவெசி போன்ற தீவுகளில் பெருமளவு நட்ட மரங்கள் காய்ப்புக்கு வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

இந்தோனேசியர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹாஜி அகுஸ் சாலிம் சுதந்திரப் போராட்டத் தலைவர், பின்னர் வெளியுறவு அமைச்சர். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனவர், அங்கே கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தாராம். அது என்ன வாசனை என்று பேச்சு வந்தபோது, இளவரசர் ஃபிலிப்பிடம், "இந்த வாசனையைத் தேடித்தான் உங்கள் ஆட்கள் எங்கள் நாட்டுக்கு வந்தார்கள்" என்று சொன்னாராம். வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்தக் கதையை ஒரு டாக்சி ஓட்டுநர் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார் என்பதைப் பார்த்தால், கிராம்புச் சிகரெட் அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று பாதி புரிந்துவிடும்.

கிராம்பு கலந்த சிகரெட்டுக்கு அங்கே 'கிரெடெக்' என்று பெயர். எரியும்போது கிராம்புத் துண்டுகள் படபடவென்று வெடிக்கும், அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. நடு ஜாவாவில் உள்ள குடுஸ் என்ற சிற்றூர்தான் அதன் பிறப்பிடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அங்கே ஹாஜி ஜம்ஹாரி என்பவர் இருந்தார். நெஞ்சு வலிக்குக் கிராம்பு எண்ணெயைத் தடவிப் பார்த்தவர், பிறகு கிராம்பைப் பொடித்துப் புகையிலையோடு சேர்த்து இழுத்தார், வலி குறைந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் பரவி, தொடக்கத்தில் மருந்துக் கடைகளில்கூட விற்றார்களாம். அப்போது மேலே சுற்றியது காகிதம் கிடையாது, காய்ந்த மக்காச்சோள உறை. இன்றும் சில கிராமங்களில் வயதானவர்கள் அந்தச் சோள உறைச் சுருட்டைத்தான் பிடிக்கிறார்கள்.

கிராம்பில் யூஜினால் என்று ஒரு பொருள் இருக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போகிறதே, அதற்குக் காரணம் அதுதான். தொண்டையையும் அதேபோல மரக்கச் செய்யும். வலி குறைந்தது என்று ஜம்ஹாரிக்குத் தோன்றியதன் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். புகை இதமாக இறங்குகிறது, இருமல் வருவதில்லை. உள்ளே போகிற தார் என்ற நச்சுப் பிசின் குறைவதில்லை. மருந்து என்ற நம்பிக்கையோடு பிறந்த பொருள் இது. அந்த நம்பிக்கையின் மிச்சம் இன்னும் முழுசாகக் கரையவில்லை.

குடுஸில் இதைத் தொழிலாக்கிய பெரிய மனிதர் நிதிசெமிதோ. எழுத்தறிவு அதிகமில்லாதவர் என்பார்கள். 'பால் தீகா', அதாவது மூன்று பந்து, என்ற சின்னத்தோடு சிகரெட் விற்று, 1914 வாக்கில் பெரிய தொழிற்சாலையே கட்டிவிட்டார். உச்சத்தில் பத்தாயிரம் பேருக்கு வேலை கொடுத்ததாகச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் அவர் காலத்தைத் தாண்டி யோசித்தவர். காலி அட்டைகளைக் கொண்டுவந்தால் பரிசு, ஊர் ஊராக நாடகக் குழு, விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் என்று எதையும் விடவில்லை. டச்சுக்காரர் ஆட்சியில் ஒரு ஜாவாக்காரர் இவ்வளவு பணக்காரராக இருப்பது எத்தனை அபூர்வம் என்றால், 1945 ஜூன் 1 அன்று, பின்னர் முதல் அதிபரான சுகர்ணோ, நாட்டின் அடிப்படையான 'பஞ்சசீல' ஐந்து கொள்கைகளை அறிவித்த புகழ்பெற்ற உரையில் அவர் பெயர் வருகிறது. இந்தோனேசியா பணக்கார நிதிசெமிதோவுக்கான நாடு அல்ல, எல்லோருக்குமான நாடு என்றார் சுகர்ணோ. பணக்காரன் என்றதும் தேசத்துக்கே நினைவுக்கு வந்த பெயர் ஒரு சிகரெட் வியாபாரியுடையது.

இதில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, அதைத் தாண்டிப் போகக்கூடாது. குடுஸில் ஜாவாக்கார வியாபாரிகளும் சீன வியாபாரிகளும் கிரெடெக் தொழிலில் போட்டியிட்டார்கள். அந்தப் பகை முற்றி 1918 அக்டோபர் 31 அன்று சீனர்கள் மேல் பெரும் கலவரமாக வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஜி சாம் சூவை உருவாக்கியவர் ஒரு சீனர் என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர் பெயர் லீம் சீங் தீ. 1893இல் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக அப்பாவோடு ஜாவாவுக்கு வந்தார். அப்பா சீக்கிரமே இறந்துபோக, போஜோநெகோரோவில் ஒரு சீனக் குடும்பம் எடுத்து வளர்த்தது. ரயிலில் தின்பண்டம் விற்றிருக்கிறார், கரி விற்றிருக்கிறார், சிகரெட் சுருட்டும் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். 1912இல் சியெம் சியாங் நியோவைக் கைப்பிடித்தார். இருவரும் சுராபாயாவில் ஒரு சின்னப் பெட்டிக்கடை போட்டு, மளிகையோடு புகையிலையும் விற்றார்கள். வாங்க வருபவரின் ருசிக்கு ஏற்ப அவரவருக்குத் தனித்தனியாகக் கலந்து கொடுப்பதில் லீமுக்கு அபாரமான கை இருந்தது.

பிழைப்பு உயர்ந்த தருணத்துக்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. நொடித்துப்போன ஒரு புகையிலை வியாபாரியின் சரக்கு மொத்தமாக மலிவு விலைக்கு வந்தது. லீமிடம் பணமில்லை. வீட்டின் மூங்கில் தூணுக்குள் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்டிருந்த காசுதான் அன்று கைகொடுத்தது. நம் வீடுகளில் அஞ்சறைப் பெட்டிக்குள் காசு ஒளிக்கும் பெண்களை அறிந்த யாருக்கும் இதை நம்பக் கஷ்டமிருக்காது. அந்தச் சரக்கிலிருந்துதான் ஜி சாம் சூ முறையான தொழிலாக எழுந்தது. கம்பெனிக்குப் பின்னால் 'சம்பூர்ணா' என்று பெயர் வைத்தார்கள். நம் சம்பூர்ணமேதான், முழுமை என்ற பொருளிலேயே அங்கும் வழங்குகிறது.

ஜி சாம் சூ என்பது ஹொக்கியென் சீனத்தில் இரண்டு, மூன்று, நான்கு. கூட்டினால் ஒன்பது. லீமுக்கு ஒன்பது ராசியான எண். அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெரிதாக 234 என்ற எண், ஒன்பது நட்சத்திரங்கள், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒன்பது முனைகள். பழைய டச்சுக்கால எழுத்துமுறையில் எழுதிய 'சம்பூர்ணா' என்ற பெயரிலும் ஒன்பது எழுத்துகள். இந்தோனேசிய மொழியின் எழுத்துமுறை 1972இல் திருத்தப்பட்ட பிறகும் அட்டையில் பழைய எழுத்தையே விட்டுவைத்தார்கள். வடிவமைப்பும் பெரிதாக மாறவில்லை. தாத்தா சட்டைப்பையில் பார்த்த அதே அட்டையைப் பேரன் கடையில் பார்க்கிறான். ஒரு பிராண்டுக்கு இதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது என்று நினைக்கிறேன்.

1932இல் லீம் சுராபாயாவின் பழைய நகரப் பகுதியில் ஒரு வளாகத்தை வாங்கினார். 1862இல் டச்சுக்காரர்கள் கட்டிய அநாதை இல்லம் அது. அநாதையாக வளர்ந்தவர் அநாதை இல்லத்தை வாங்கிக் குடியேறித் தொழில் நடத்தினார். நடுக்கூடத்தை அவர் தியேட்டராக்கினார், சார்லி சாப்ளின்கூட ஜாவாவுக்கு வந்தபோது அங்கே வந்து போனார் என்பது அந்த வீட்டின் பெருமைகளில் ஒன்று. அந்தக் கூடம்தான் இன்றைக்கு 'சம்பூர்ணா இல்லம்' என்ற அருங்காட்சியகம், 2003இல் திறந்தார்கள். லீம் தம்பதியின் முதல் பெட்டிக்கடையை மாதிரிக்கு அமைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே காலடி வைத்ததுமே கிராம்பு வாசனை நெஞ்சை நிறைத்துவிடும்.

1942இல் ஜப்பானியர்கள் வந்தார்கள். லீமைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். தொழிற்சாலையில் ஜப்பானியப் படைகளுக்காக 'ஃபூஜி' என்ற பெயரில் சிகரெட் சுருட்டவைத்தார்கள். போர் முடிந்து, சுதந்திரப் போரும் முடிந்த பிறகு, மிச்சமிருந்ததை வைத்து லீம் மறுபடி ஜி சாம் சூவைத் தொடங்கினார். சொத்தெல்லாம் போனபோதும் போகாமல் இருந்தது அந்தப் பெயர்தான். 1956இல் அவர் காலமானார்.

இனி அந்தச் சிகரெட்டைப் பற்றியே கொஞ்சம். இயந்திரச் சிகரெட் போல ஒரே பருமனாக இருக்காது. வாயில் வைக்கும் முனை மெலிந்தும் எரியும் முனை தடித்தும் இருக்கும், கூம்பு மாதிரி. உதட்டில் படும் காகிதம் இனிக்கும். பொதுவாகக் கிரெடெக்கில் மூன்றில் இரண்டு பங்கு புகையிலை, மீதி கிராம்பு, அதோடு 'சவுஸ்' என்று ஒவ்வொரு கம்பெனியும் ரகசியமாக வைத்திருக்கும் ஒரு சாறு. புகையிலை பெரும்பாலும் ஜாவாவின் மலைச்சரிவுகளிலும் மதுரா தீவிலும் விளைவது. தெமாங்குங் பக்கத்துப் புகையிலைக்குத் தனி மதிப்பு. (இந்தோனேசியப் புகையிலை என்றதும் சுமத்ராவின் மேடான் தமிழர்கள் நம் நினைவுக்கு வருவார்கள். 19ஆம் நூற்றாண்டில் டெலி தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஆனால் டெலி இலை ஐரோப்பியச் சுருட்டுகளுக்கு மேலுறையாகப் போனது, கிரெடெக்கோடு அதற்கு அவ்வளவாகத் தொடர்பில்லை.)

சுருட்டுவது முழுக்கப் பெண்கள். மரத்தால் செய்த ஒரு சின்னக் கருவி, அதில் துணிபோல ஒரு பட்டை. ஒரு கை காகிதத்தை வைக்கும், மறு கை தூளை அள்ளிப் போடும், கருவியை ஒரு இழு இழுத்தால் சிகரெட் உருண்டு வரும். பக்கத்தில் இருப்பவர் கத்தரிக்கோலால் இரண்டு முனையையும் நறுக்குவார். இன்னொருவர் எண்ணாமலே கைப்பிடியில் சரியாக எடுத்து அட்டையில் அடைப்பார். அருங்காட்சியகத்தின் மாடிக் கண்ணாடி வழியாக இதைக் கீழே பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். மணிக்கு 300 சிகரெட்டுக்கு மேல் ஒரு பெண் சுருட்டுவார். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே தாளத்தில் உடம்பை அசைத்து வேலை செய்வதைப் பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியாது. முக்கூடல் பக்கத்திலோ வேலூர்ப் பக்கத்திலோ திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல்களின் வேகம் பழகியதாக இருக்கும். பெரிய வித்தியாசம் என்னவென்றால், பீடி பெரும்பாலும் வீட்டு வேலை, இது தொழிற்சாலைக்குள் நடக்கும் சம்பள வேலை. சம்பளம் எண்ணிக்கைக்கு ஏற்ப என்பதால்தான் அந்த வேகம் என்பதையும் மறக்கக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலாளிகளைக் கொண்டே ஒரு பேண்டு வாத்தியக் குழு அமைத்து, அமெரிக்காவின் பாசடீனா ரோஜா அணிவகுப்பில் நடக்கவைத்தது கம்பெனி. அந்தப் படங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

அட்டையின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்த அளவுகளையும் சொல்ல வேண்டும்: ஒரு ஜி சாம் சூவில் 39 மில்லிகிராம் தார், 2.3 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சிகரெட்டுக்கு அனுமதிக்கும் தார் அளவு 10 மில்லிகிராம். அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஃபில்டரும் கிடையாது, எரியும் நேரமும் அதிகம். வாசனையைப் பற்றி யார் எவ்வளவு ரசித்து எழுதினாலும் இந்த எண்களையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

லீமுக்குப் பிறகு மகன் ஆகா, அவருக்குப் பிறகு 1978 முதல் பேரன் புதெரா என்று தொழில் கைமாறியது. அந்தப் பத்தாண்டுகளில் கிரெடெக் உலகமே தலைகீழானது. அதுவரை நகரத்துப் படித்தவர்கள் பிடித்தது 'வெள்ளைச் சிகரெட்', அதாவது கிராம்பு கலக்காத வெளிநாட்டு வகை. கிரெடெக் என்றால் வண்டிக்காரர், குடியானவர், கிராமத்து ஆள் என்ற எண்ணம் இருந்தது. 1970களில் இயந்திரத்தில் சுருட்டிய, ஃபில்டர் வைத்த கிரெடெக் வந்தது. கெடிரியின் குடாங் காரம், குடுஸின் ஜாரும், மாலாங்கின் பென்தூல் ஆகிய கம்பெனிகள் எல்லாம் அந்த அலையில் பெருத்தன. எண்ணெய்ப் பணம் புரண்ட காலம், வாங்குபவர் கையில் காசு இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெள்ளைச் சிகரெட்டை ஓரங்கட்டிக் கிரெடெக் நாட்டின் சிகரெட்டே ஆகிவிட்டது. சம்பூர்ணா 1989இல் 'ஏ மைல்டு' என்று தார் குறைவான ஒரு கிரெடெக்கைக் கொண்டுவந்து இளைஞர்களைப் பிடித்தது. ஜி சாம் சூ மட்டும் மாறாமல், பெரியவர்களின் சிகரெட்டாக, கனமான ஆட்களின் சிகரெட்டாக நின்றது. அப்படி நிற்கவைத்ததுதான் கம்பெனியின் சாமர்த்தியம்.

கிராம்பில் பணம் புரண்டால் அதிகாரமும் பின்னால் வரும், இது டச்சுக் காலத்திலேயே பார்த்த கதைதான். 1990இன் கடைசியில் அதிபர் சுகார்த்தோவின் மகன் தொம்மி சுகார்த்தோ ஒரு அமைப்பை ஏற்படுத்திக் கிராம்பு வாணிபத்தின் ஏகபோக உரிமையை வாங்கிக்கொண்டார். கடனும் மத்திய வங்கியிலிருந்து வந்தது. விவசாயி தன் கிராம்பை வேறு யாருக்கும் விற்க முடியாது, சிகரெட் கம்பெனி வேறு யாரிடமும் வாங்க முடியாது. கொஞ்ச காலத்தில் சரக்கு குவிந்து, மரங்களை வெட்டச் சொல்லி விவசாயிகளுக்கு அறிவுரை வந்தது. மலுக்குவில் முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அந்நியர் வெட்டினார்கள், இப்போது சொந்த அரசு வெட்டச் சொன்னது. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 1998இல் பொருளாதாரம் சரிந்து சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்திய நேரத்தில்தான், அவர்கள் நிபந்தனைகளில் ஒன்றாக அந்த ஏகபோகம் கலைக்கப்பட்டது.

அன்றாட வாழ்க்கையில் இந்தச் சிகரெட் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால், பெட்டிக்கடையில், கல்யாண வீட்டில், இரவுக் காவல் கொட்டகையில், இழவு வீட்டில் தட்டில் வைத்து நீட்டுவதில் என்று எங்கும்தான். ஜாவாவிலும் பாலியிலும் முன்னோருக்கும் காவல் தெய்வங்களுக்கும் வைக்கும் படையலில் பூ, பழம், காப்பியோடு ஒரு கிரெடெக்கும் இருக்கும். நம் ஊரில் சில காவல் தெய்வங்களுக்குச் சுருட்டு வைக்கிறோமே, அந்த மனசு புரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படாது. கால்பந்தில் 2005இலிருந்து சில ஆண்டுகள் நாட்டின் கோப்பைப் போட்டிக்கே 'கோப்பா ஜி சாம் சூ' என்று பெயர். குடுஸின் ஜாரும் கம்பெனி நடத்தும் பாட்மிண்டன் கழகத்திலிருந்து லீம் ஸ்வீ கிங் தொடங்கி உலகத்தரமான ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் சிகரெட்டையோ புகைப்பவரையோ காட்டக்கூடாது என்று சட்டம். அதனால் மலை, கடல், கைவினைஞர், கோயில் என்று நாட்டின் அழகையெல்லாம் காட்டி, 'மகாகார்யா', அதாவது மகத்தான படைப்பு, என்ற சொல்லை ஜி சாம் சூவோடு ஒட்டிவிட்டார்கள். சிகரெட்டைக் காட்டாதே என்ற சட்டமே, நாட்டையே சிகரெட்டின் முகமாக்கும் வழியைத் திறந்துவிட்டது.

அப்புறம் 2005. மார்ல்பரோவை விற்கும் ஃபிலிப் மோரிஸ், சம்பூர்ணாவை வாங்கியது. முதலில் குடும்பத்தின் 40 சதவீதப் பங்கு, பிறகு ஏறக்குறைய முழுவதும். மொத்தம் சுமார் 500 கோடி டாலர். மூங்கில் தூணுக்குள் சேர்த்த காசில் தொடங்கியது, தொண்ணூற்று இரண்டு ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனிகளில் ஒன்றின் கைக்குப் போனது. சுராபாயாவில் பலருக்கு இது வலித்தது. ஆனால் கடையில் கேட்டால் ஜி சாம் சூ ஜாவாவின் சிகரெட்தான் என்பார்கள். அட்டை மாறவில்லை, ருசி மாறவில்லை, அதனால் முதலாளி மாறியது பெரும்பாலோர் கண்ணில் படவில்லை.

2009இல் அமெரிக்கா, பிள்ளைகளை ஈர்க்கிறது என்று சொல்லி, வாசனை சேர்த்த சிகரெட்டுகளைத் தடை செய்தது. கிராம்பும் அதில் அடக்கம். ஆனால் அமெரிக்காவிலேயே செய்து விற்கும், புதினா போலக் குளிரும் மென்தால் சிகரெட்டுக்கு மட்டும் விலக்கு. இந்தோனேசியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2012இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா சட்டத்தை மாற்றவில்லை, 2014இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்த வழக்கில் இந்தோனேசியாவின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். இரண்டும் தொண்டையை ஏமாற்றும் பொருள்கள், ஒன்றை மட்டும் தடுப்பது சரியில்லை. ஆனால் அந்த வெற்றியை உள்ளூரில் கொண்டாடிய விதம் எனக்கு உவக்கவில்லை. கிரெடெக்கைக் குறை சொல்வது நாட்டைக் குறை சொல்வது என்றே பேச்சு மாறிவிட்டது.

நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். ஜி சாம் சூவைச் சுற்றியிருக்கும் அழகெல்லாம் உண்மை. கிராம்பின் வரலாறு உண்மை, அநாதைப் பையனின் உழைப்பு உண்மை, அந்தப் பெண்களின் கைத்திறன் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அது இவ்வளவு வலுவான கேடயமாக இருக்கிறது. 2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரச் சட்டத்தில் புகையிலை அடிமைப்படுத்தும் பொருள் என்று ஒரு பிரிவு இருந்தது. சட்டம் கையெழுத்துக்குப் போகும் வழியில் அந்தப் பிரிவே காணாமல் போனது, பெரிய அவமானமாகி, பிறகு திரும்பச் சேர்த்தார்கள். 2015இல் கலாச்சாரச் சட்ட வரைவில் கிரெடெக்கைப் பாரம்பரியச் சொத்தாகச் சேர்க்க முயன்றார்கள், எதிர்ப்பு கிளம்பி 2017இல் வந்த சட்டத்தில் அது இடம்பெறவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தோனேசியா இன்றுவரை சேரவில்லை. வயதுவந்த ஆண்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் புகைக்கிறார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. மதத் தலைவர்களும் ஒரே குரலில் இல்லை. முகம்மதியா என்ற பெரிய முஸ்லிம் அமைப்பு 2010இல் ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்றது. ஜாவாவின் கிராமங்களில் வேரோடியிருக்கும் இன்னொரு முஸ்லிம் அமைப்பான நஹ்தத்துல் உலமா, விரும்பத்தகாதது என்பதோடு நிறுத்திக்கொண்டது. அதன் ஆதரவாளர்களில் எத்தனை பேர் புகையிலை விவசாயிகள் என்று யோசித்தால் காரணம் தெரியும்.

அரசுக்கும் இதில் பெரிய பங்கு. 2022இல் புகையிலை வரி மட்டும் 200 லட்சம் கோடி ரூபியாவைத் தாண்டியது. கைச்சுருட்டலில் வேலை செய்யும் பெண்களைக் காக்க வேண்டும் என்று, கையால் சுருட்டிய கிரெடெக்குக்கு வரியைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். வேலை உண்மையிலேயே நிலையில்லாததுதான். 2014இல் சம்பூர்ணா லுமாஜாங், ஜெம்பர் ஆகிய ஊர்களில் இருந்த இரண்டு கைச்சுருட்டல் ஆலைகளை மூடியபோது 4,900 பேர் வேலை இழந்தார்கள். இளைஞர்கள் இயந்திரச் சிகரெட்டுக்குப் போனதால் கைச்சிகரெட் வாங்க ஆளில்லை என்பது அப்போது சொன்ன காரணம்.

ஆனால் 2020களில் காற்று திரும்பியது. இயந்திரச் சிகரெட்டின் வரி வருடா வருடம் பத்து சதவீதம் அளவுக்கு ஏற, 2021இல் கைச்சிகரெட்டுக்கு வரி ஏற்றவே இல்லை, அதன் பிறகும் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகவில்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் புகையை விடவில்லை, கைச்சிகரெட்டுக்கு இறங்கி வந்தார்கள். மூடிய கம்பெனியே புதிதாகக் கைச்சுருட்டல் கூடங்களைத் திறந்து, பெண்களை வேலைக்கு எடுத்தது. 2024 ஜூலையில் வந்த அரசாணை 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, ஒற்றை ஒற்றையாக உதிரியில் விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 200 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்கிறது. உதிரி விற்பனைதான் பெட்டிக்கடைகளின் உயிர், அதுதான் பள்ளிப் பையன்களுக்கு வாசலும். அந்த ஒரு விதியைத் தெருவில் நடைமுறைப்படுத்தினால், 1913 முதல் எந்தச் சட்டமும் தொடாத இடத்தைத் தொட்டதாக இருக்கும்.